பழுத்த பப்பாளி: தேர்வு, பக்குவம், உண்ணும் முறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் குவிந்திருக்கும் பழங்களில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் நிறத்தைப் பாருங்கள். காம்புக்கு எதிர்ப்புறமாகிய நுனியிலிருந்து மஞ்சள் ஏறத் தொடங்கி, பழத்தின் பாதிக்கு மேல் பரவியிருந்தால் அது ஓரிரு நாளில் உண்ணத் தகுந்ததாகிவிடும். முக்கால் பங்கு மஞ்சளாகி, காம்படியில் மட்டும் சிறிது பச்சை மிஞ்சியிருக்கும் பழத்தை அன்றே வெட்டலாம். முழுவதும் ஒரே சீரான மஞ்சளாக இருந்தும் தொட்டால் கல்லைப்போல இறுகியிருக்கும் பழத்தை நான் வாங்குவதில்லை. நிறம் ஏறிய அளவுக்குச் சதை கனியவில்லை என்பதை அந்த இறுக்கமே காட்டிவிடுகிறது.

அடுத்து எடை. ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கைகளிலும் ஏந்திப் பார்த்தால் ஒன்று கனமாகவும் மற்றொன்று சற்று இலேசாகவும் இருக்கும். கனமான பழத்தில் சதை தடித்தும் உள்ளே இருக்கும் வெற்றிடம் சிறுத்தும் இருக்கும் என்பதால் அதையே எடுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நம்மிடையே பரவலான பழக்கம் என்றாலும், அவ்வாறு அழுத்திய இடம் மறுநாள் கன்றிப்போய், அங்கிருந்தே அழுகல் தொடங்கும். உள்ளங்கையில் பழத்தைப் பொதிந்து மெல்லப் பிடித்தாலே அது இளகுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாகக் காம்படியை முகர்ந்து பாருங்கள். இலேசான இனிய மணம் இருந்தால் நல்லது. புளித்த வாடை இருந்தால் பழம் பருவம் கடந்துவிட்டது. காம்பு அறுந்த இடத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் படர்ந்திருந்தால், வெளியே பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த அழுகல் காம்பின் வழியே உள்ளே இறங்கியிருக்கக்கூடும்.

முழுப் பச்சையாக வாங்கிய காய் வீட்டில் பழுத்தால் இனிக்குமா?

பப்பாளி பற்றிய கேள்விகளில் இதுவே முதன்மையானது என்று கருதுகிறேன். ஏனெனில் மற்ற பல ஏமாற்றங்களுக்கும் விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது.

வாழைக்காயில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பறித்த பிறகும் அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டே இருப்பதால், பச்சைத் தாரை வெட்டிக்கொண்டு வந்து தொங்கவிட்டாலும் பழம் இனிக்கிறது. பப்பாளிக் காயில் அத்தகைய மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. அதன் சர்க்கரை முழுவதும் மரத்தில் இருக்கும்போதே, அதுவும் பெரும்பாலும் முதிர்ச்சியின் இறுதி வாரங்களில், இலைகளிலிருந்து வந்து சேர்கிறது. பறித்த பின் நிகழ்வதெல்லாம் தோலின் பச்சை மறைவதும், சதை இளகுவதும், மணம் கூடுவதுமே அன்றி, இனிப்புச் சொல்லத்தக்க அளவில் கூடுவதில்லை.

எனவே முதிராமல் பறிக்கப்பட்ட காய் எத்தனை நாள் காத்திருந்தாலும் வெம்பலாகத்தான் முடியும். மென்மையாகும், நிறம் மாறும், ஆனால் சுவை சப்பென்று இருக்கும். பூத்ததிலிருந்து காய் முதிர நம் தட்பவெப்பத்தில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகின்றன. நுனியில் ஒன்றிரண்டு மஞ்சள் கோடுகள் தோன்றுவதும், கீறினால் வடியும் பால் கெட்டியான வெண்மை மாறி நீர்த்துப்போவதும் பறிக்கும் பருவத்தின் அடையாளங்கள் என்று விவசாயிகள் அறிவார்கள். வாங்குபவராகிய நாமும் அந்த மஞ்சள் கோட்டையே தேட வேண்டும். கோடு ஒன்றாவது விழுந்த காயை வாங்கினால் வீட்டில் பழுக்க வைப்பதில் பொருள் உண்டு. கோடே இல்லாத காயைக் கூட்டுக்கோ பொரியலுக்கோ வாங்குங்கள், பழத்துக்காக வாங்க வேண்டாம்.

வெட்டிய பின்னும் ஒரு சான்று கிடைக்கும். விதைகள் கறுப்பாக இருந்தால் காய் முதிர்ந்தே பறிக்கப்பட்டது. சதை நிறமேறியிருந்தும் விதைகள் வெள்ளையாக இருந்தால், அது பிஞ்சுப் பருவத்திலேயே மரத்தை விட்டு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நீளமான பழம் நல்லதா, உருண்டையான பழம் நல்லதா?

இரண்டும் ஒரே ரகத்தில் வரலாம். பெண் பூவிலிருந்து வரும் பழம் உருண்டையாகவும், உள்வெற்றிடம் அகன்றும், சதை சற்று மெலிந்தும் இருக்கும். இருபால் பூவிலிருந்து வரும் பழம் நீண்டு, சதை தடித்து, வெற்றிடம் குறுகியிருக்கும். கொடுக்கும் காசுக்கு உண்ணத் தகுந்த பகுதி மிகுதியாகக் கிடைப்பது நீளமான பழத்தில்தான். இன்று சந்தையில் அதற்கே மதிப்பு அதிகம் என்பதற்கும் காரணம் இதுவே. இனிப்பைப் பொறுத்தவரை வடிவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

ரெட் லேடி, கோ ரகங்கள், நாட்டுப் பப்பாளி ஆகியவற்றுள் எதை வாங்கலாம்?

ரெட் லேடி என்பது தைவானில் உருவாக்கப்பட்ட கலப்பின ரகம். அதன் சதை சிவந்த ஆரஞ்சு நிறத்தில், இறுக்கமாக, தொலைதூரப் பயணத்தைத் தாங்குவதாக இருப்பதால், நகரக் கடைகளில் இன்று அதுவே பெரும்பான்மையாகக் காணப்படுகிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.1 முதல் தொடங்கி கோ என்னும் வரிசையில் பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் கோ.2, கோ.5, கோ.6 போன்றவை பப்பாளிப் பாலிலிருந்து, புரதத்தைச் சிதைக்கும் நொதியாகிய பப்பேனை எடுப்பதற்கும் ஏற்றவை, கோ.3, கோ.7 ஆகியவை உண்ணும் பழத்துக்காகவே பெரிதும் வளர்க்கப்படுகின்றன. கோ.7 சிவந்த சதை கொண்டது.

நாட்டுப் பப்பாளி என்று நாம் சொல்வது ஒரு தனி ரகமன்று. வீட்டுக் கொல்லையில் விதை விழுந்து முளைத்த மரங்கள் அவை; ஒன்றைப்போல ஒன்று இருக்காது. மஞ்சள் சதையும் மெல்லிய தோலும் கொண்ட அத்தகைய பழம் பறித்த இரண்டே நாளில் குழைந்துவிடும் என்பதால் கடைக்கு வருவது அரிது. ஆனால் மரத்திலேயே பாதி பழுக்கவிட்டுப் பறிக்கும் வாய்ப்பு வீட்டு மரத்துக்கு மட்டுமே உண்டு. அணிலும் பறவையும் முந்திக்கொள்ளாமல் காத்தால், கடையில் வாங்கும் எந்த ரகத்தையும்விட அது சுவையாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

சிவப்புச் சதைக்கும் மஞ்சள் சதைக்கும் சத்தில் வேறுபாடு உண்டா?

உண்டு, ஆனால் ஒன்று உயர்வு மற்றொன்று தாழ்வு என்று சொல்லும்படியாக இல்லை. சிவப்பு நிறம் தக்காளியிலும் காணப்படும் லைகோபீன் என்னும் நிறமியால் வருகிறது. மஞ்சள் சதை கொண்ட வகைகளில் அந்த லைகோபீனை பீட்டா கரோட்டினாக மாற்றும் நொதி முறையாகச் செயல்படுகிறது. சிவப்பு வகைகளில் அந்நொதிக்கான மரபணு பழுதுபட்டிருப்பதால் லைகோபீன் அப்படியே தங்கிவிடுகிறது. இரு வகையிலும் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் நிறமிகள் இருக்கின்றன. இந்நிறமிகள் கொழுப்பில் கரைபவை ஆதலால், நெய்யோ எண்ணெயோ சேர்ந்த உணவுக்குப் பின் பழத்தை உண்டால் உடல் அவற்றை இன்னும் நன்றாக ஈர்த்துக்கொள்ளும்.

தோலில் புள்ளி, கீறல், வெள்ளை மாவு போன்றவை இருந்தால் வாங்கலாமா?

எல்லாக் குறைகளும் ஒன்றல்ல. தோலில் வட்ட வட்டமாகக் கரும்பச்சை வளையங்கள் தெரிந்தால், அந்த மரத்தை வளையப்புள்ளி வைரஸ் தாக்கியிருக்கிறது என்று பொருள். அந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் நோயுற்ற மரத்தின் பழத்தில் இனிப்புக் குறைந்திருப்பது வழக்கம். குழிந்த, நீர் கோத்த பழுப்புப் புள்ளிகள் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சண நோயின் அடையாளம். அது ஓரிடத்தில் மட்டும் தோலளவில் இருந்தால் சுற்றிலும் தாராளமாக வெட்டி நீக்கிவிட்டு உடனே உண்ணலாம். பல இடங்களில் இருந்தால் வேண்டாம்.

மேலிருந்து கீழாக நேர்க்கோடுகளாக வடு இருந்தால், காயாக இருந்தபோது பப்பேனுக்காகப் பால் எடுத்திருக்கிறார்கள் என்று அறியலாம். பார்வைக்கு அழகாக இல்லாவிட்டாலும் அத்தகைய காய் பழுத்தால் தாராளமாக உண்ணலாம். இவ்வகைக் காய்கள் பெரும்பாலும் டூட்டி ஃப்ரூட்டி செய்யும் தொழிற்கூடங்களுக்குப் போய்விடுகின்றன.

வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் அது மாவுப்பூச்சி. இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி ஆகியவற்றையும் பெரிதும் அழித்தது. மருந்தடித்தும் அடங்காத அப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி கட்டுப்படுத்தியது. பழத்தில் ஓரிரண்டு பூச்சிகள் ஒட்டியிருந்தால் தேய்த்துக் கழுவினால் போதும், சதைக்குத் தீங்கில்லை.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் இல்லை. தண்ணீரில் மிதந்தால் நல்லது, மூழ்கினால் கெட்டது என்பன போன்ற சோதனைகளை நம்ப வேண்டாம். கால்சியம் கார்பைடு ஈரத்தோடு சேரும்போது அசிட்டிலீன் வாயு வெளிவருகிறது. அதனுடன் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுகளின் எச்சமும் வரக்கூடும் என்பதால் இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்துள்ளன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை, பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மிகாத அளவில் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. எத்திலீன் என்பது பழங்கள் தாமே வெளியிடும் வாயு. ஆகவே எத்திலீன் அறையில் பழுத்த பழத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தோலில் வெண்சாம்பல் போன்ற பொடி, கூடை முழுவதும் ஒரே மாதிரியான மஞ்சள், மஞ்சளாகியும் இறுகிய சதை, வெட்டினால் வெள்ளை விதை ஆகியவை ஐயம் கொள்ளத்தக்க அடையாளங்கள். அத்தகைய கூடையை விட்டுவிட்டு, ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் மஞ்சளுமாக இருக்கும் செங்காயை வாங்கி வீட்டில் பழுக்க வைப்பதே நம் கையில் இருக்கும் சிறந்த பாதுகாப்பு.

செங்காயை வீட்டில் எப்படிப் பழுக்க வைப்பது?

செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் போகும் இடத்தில், காம்பு மேல்நோக்கி இருக்குமாறு வைத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் பழுத்துவிடும். விரைவாக வேண்டுமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றை உடன் வைத்து ஒரு காகிதப் பைக்குள் மூடி வையுங்கள். அது வெளியிடும் எத்திலீன் பப்பாளியைத் தூண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் நம் வீட்டு வழக்கமும் இதே காரணத்தால்தான் பயன் தருகிறது: பழம் விடும் வாயு அரிசிக்கிடையே தங்கிவிடுகிறது. ஆனால் அரிசிக்குள் வைத்த பழத்தை நாள்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும். கசிந்தால் அரிசியும் கெடும். நெகிழிப் பையில் கட்டி வைப்பது தவறு. ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

காயின் மேல் நான்கு புறமும் இலேசாகக் கீறிப் பாலை வடியவிட்டுப் பழுக்க வைப்போரும் உண்டு. கீறிய காய் சற்று விரைந்து பழுப்பது உண்மைதான். எனினும் கீறல்களின் வழியே பூஞ்சணம் நுழைய இடம் கொடுப்பதால், உடனே உண்ணப் போகும் ஒரே ஒரு பழத்துக்கு மட்டும் இம்முறையைக் கையாளலாம்.

கோடைக்காலத்தில் ஒரு சிறப்புக் கவனம் வேண்டும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பப்பாளி சரியாகப் பழுப்பதில்லை. நிறம் ஏறத் தாமதமாகி, சதை சில இடங்களில் ரப்பர்போல இறுகி நிற்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் படும் சன்னல் ஓரத்தையும் அடுப்பங்கரையையும் தவிர்த்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் எப்போது வைக்கலாம்?

பழுத்த பின்னரே வைக்க வேண்டும். பப்பாளி வெப்ப மண்டலப் பயிர். காயாகவோ செங்காயாகவோ இருக்கும்போது 7 முதல் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் வைத்தால் அதன் பழுக்கும் திறனே குலைந்துவிடுகிறது. பின்னர் வெளியே எடுத்தாலும் தோலில் குழிகள் விழும், சதை திட்டுத் திட்டாக நீர் கோத்து நிற்கும், மணமே இராது. முழுதாகப் பழுத்ததை மூன்று, நான்கு நாட்கள் வைக்கலாம். வெட்டிய துண்டங்களை மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு இரண்டு நாளுக்குள் உண்டு முடிப்பது நலம்.

தோலைச் சீவிவிடப் போகிறோமே, கழுவத்தான் வேண்டுமா?

கட்டாயம் கழுவ வேண்டும். கத்தி தோலின் வழியாகச் சதைக்குள் செல்லும்போது, தோலில் உள்ள அழுக்கும் கிருமியும் அதனுடன் உள்ளே செல்கின்றன. எலுமிச்சை, திராட்சை, மாதுளை போன்றவற்றில் உள்ள புளிப்பு கிருமிகளை ஓரளவு அடக்கிவைக்கும். பப்பாளியில் அந்தப் புளிப்பு இல்லாததால், வெட்டிய பழத்தில் கிருமிகள் எளிதாகப் பெருகுகின்றன. 2017இல் அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பாதித்த சால்மோனெல்லாத் தொற்று, மெக்சிகோவிலிருந்து வந்த மாரடோல் வகைப் பப்பாளியோடு தொடர்புடையது என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கண்டறிந்தனர்.

ஓடும் நீரில் பழத்தைக் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதன்பின் வெட்டுங்கள். சோப்பு வேண்டியதில்லை. மீன், இறைச்சி அரிந்த பலகையில் அப்படியே பழத்தை வைத்து வெட்டாதீர்கள். வெட்டிய துண்டங்களை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இதே காரணத்தால், தெருவோரத்தில் வெட்டிக் கிண்ணங்களில் அடுக்கி, நெடுநேரம் வெயிலில் இருக்கும் கீற்றுகளை வாங்குவதை விட, நம் கண்முன் வெட்டித் தரச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பானது.

சரியாக வெட்டும் முறை என்ன?

பழத்தின் இரு முனைகளையும் அரை விரற்கிடை அளவுக்கு நறுக்கி எறியுங்கள். காம்படிப் பக்கத்தில் சதை கடினமாகவும் பால் மிஞ்சியும் இருப்பதால் அங்கே சற்றுத் தாராளமாகவே நறுக்கலாம். பிறகு பழத்தை நிமிர்த்தி வைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். இங்கே கத்தியை ஒரே வீச்சில் இறக்காமல், சதையின் தடிமன் அளவுக்கு மட்டும் சுற்றிலும் கீறிக்கொண்டு வந்து, கையால் இரு பாதிகளையும் பிரித்தெடுப்பது நல்லது. அப்படிச் செய்தால் விதைகள் நசுங்குவதில்லை.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பப்பாளி விதைக்குள் ஒரு சேர்மமும் ஒரு நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. விதை நசுங்கினால் இரண்டும் கலந்து, கடுகிலும் முள்ளங்கியிலும் வரும் காரத்துக்கு உறவான ஒரு காரப்பொருள் உண்டாகிறது. அது சதையில் பட்டால் பழத்துக்கே காரமும் வாடையும் ஏறிவிடும்.

பிளந்த பின், விதைகளை ஒரு கரண்டியால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வழித்தெடுங்கள். விதைகளைத் தாங்கியிருக்கும் வெண்ணிற நார்ச்சவ்வையும் சேர்த்துச் சுரண்டிவிட வேண்டும்; அது கசக்கும். அதன்பின் ஒவ்வொரு பாதியையும் கீற்றுகளாக நறுக்கி, தோலைக் கத்தியால் சீவியெடுங்கள். நன்கு கனிந்த பழமென்றால் தோலைச் சீவாமலே கரண்டியால் சதையை எடுத்துச் சாப்பிடலாம். வீட்டிலுள்ள முதியவர்களுக்கு அப்படிக் கொடுப்பது வசதியாக இருக்கும்.

காயாகவோ அரைப்பழமாகவோ இருப்பதை வெட்டும்போது கையில் பால் பட்டு அரிக்கக்கூடும். தேங்காய் எண்ணெய் சிறிது தடவிக்கொண்டால் பிசுக்கு ஒட்டாது.

பழத்தின் வாடை எனக்குப் பிடிக்கவில்லை; என்ன செய்யலாம்?

வெட்டும்போது விதை நசுங்காமல் பார்த்துக்கொள்வதும், உள்சவ்வை முழுவதும் நீக்குவதும் பாதி வாடையைக் குறைத்துவிடும். துண்டங்களை மூடிவைத்து ஒரு மணி நேரம் குளிர வையுங்கள். குளிர்ந்த பழத்தில் மணம் அடங்கியிருக்கும். உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சில சொட்டுகள் பிழியுங்கள். பப்பாளியில் இயல்பாகவே புளிப்பு இல்லாததால் இனிப்பு மந்தமாகத் தோன்றுகிறது. சிறிது புளிப்புச் சேர்ந்ததும் அது துலங்குகிறது. வாடையினாலேயே பப்பாளியை ஒதுக்கி வைத்திருக்கும் பலர், இவ்வாறு உண்டால் விரும்பத் தொடங்குவார்கள் என்று நம்புகிறேன்.

எலுமிச்சையும் பப்பாளியும் சேர்ந்தால் விஷம் என்கிறார்களே?

அது முற்றிலும் தவறான செய்தி. தென்கிழக்கு ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பழுத்த பப்பாளியை எலுமிச்சைச் சாற்றுடன் உண்பதே வழக்கம். உப்பு, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், சாட் மசாலா எதை வேண்டுமானாலும் தூவி உண்ணலாம்.

சில பழங்கள் கசப்பது ஏன்?

முழுமையாகக் கனியாத பழத்தில் தோலை ஒட்டிய சதையில் பால் தங்கியிருக்கும். தோலை மிக மெல்லியதாகச் சீவினால் அப்பகுதி துண்டத்தோடு சேர்ந்துவிடும். சற்று ஆழமாகச் சீவுங்கள். உள்சவ்வு மிஞ்சியிருந்தாலும் கசக்கும். பாலில் அடித்து வைத்த பப்பாளிச் சாறு கசப்பதற்குக் காரணம் வேறு: பழத்தில் உள்ள பப்பேன் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைக்கும்போது கசப்பான சிறு கூறுகள் உண்டாகின்றன. பழுத்த பழத்தில் பப்பேன் குறைவுதான் என்றாலும், நேரம் கிடைத்தால் அது தன் வேலையைச் செய்துவிடும். ஆகவே பப்பாளி மில்க் ஷேக் செய்தால் உடனே குடித்துவிட வேண்டும். காலையில் அடித்து மாலைக்கு வைக்கக்கூடாது. ஜெலட்டின் கொண்டு செய்யும் ஜெல்லியில் பச்சையான பப்பாளித் துண்டங்களைப் போட்டால் அது உறையாமல் போவதற்கும் இந்த நொதியே காரணம். துண்டங்களை ஒரு கொதி வேகவைத்துச் சேர்த்தாலோ, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரைப் பயன்படுத்தினாலோ இச்சிக்கல் வராது.

பழத்துக்குள் விதையே இல்லை, அல்லது உள்ளே ஒரு குட்டிப் பப்பாளி இருக்கிறது; உண்ணலாமா?

உண்ணலாம். பெண் பூவில் மகரந்தச் சேர்க்கை நடக்காமலே காய் பிடித்தால் விதையற்ற பழம் வரும். உள்ளே சிறு காய் வளர்வதும் இயற்கையான வளர்ச்சிப் பிறழ்வே.

ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்த வேளையில் உண்ணலாம்?

100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 43 கலோரி ஆற்றலும், 60 மில்லிகிராம் வைட்டமின் சியும், 8 கிராம் சர்க்கரையும், இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான நார்ச்சத்தும் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை. எனவே ஒரு கிண்ணம், அதாவது சுமார் 150 கிராம் பழமே அன்றைய தேவையை நிறைவு செய்துவிடும். அதற்கு மேல் உண்டால் தீங்கு என்பதில்லை. ஆனால் பல வாரங்கள் தொடர்ந்து மிகுதியாக உண்டால் கரோட்டின் படிந்து உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகலாம். குறைத்தால் அது தானே மறையும்.

வெறும் வயிற்றில்தான் உண்ண வேண்டும், இரவில் உண்ணவே கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்கு அடிப்படை இல்லை. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நீரும் நார்ச்சத்தும் நிறைந்த இப்பழம் எந்த வேளையிலும் உதவும்.

நீரிழிவு உள்ளவர்கள் உண்ணலாமா?

அளவோடு உண்ணலாம். வாழைப்பழம், மாம்பழம் ஆகியவற்றைவிட எடைக்கு எடை இதில் சர்க்கரை குறைவு. ஆயினும் சர்க்கரை சர்க்கரைதான் என்பதால், 100 கிராம் அளவில் துண்டங்களாக மென்று உண்ணுங்கள். சாறாக்கியோ சர்க்கரை சேர்த்தோ அருந்த வேண்டாம். உண்டபின் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்து, உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவரோடு பேசி முடிவு செய்துகொள்வதே முறை.

கர்ப்பிணிகள் பப்பாளியைத் தொடவே கூடாதா?

நம் வீடுகளில் இவ்வச்சம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் பாதி நியாயம் உண்டு. பப்பாளிக் காயிலும் செங்காயிலும் உள்ள பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும் என்பதை எலிகள் மீது நடத்தி 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், நன்கு பழுத்த பப்பாளிச் சாறு அத்தகைய விளைவை ஏற்படுத்தவில்லை. எனவே காயும் அரைப்பழமும் கர்ப்பக்காலத்தில் அறவே வேண்டாம் என்பது சரியான அறிவுரை. முழுதும் பழுத்த பழத்தை இயல்பான அளவில் உண்பது வேறு. என்றாலும் கடையில் வாங்கும் பழம் உள்ளே முழுதும் கனிந்ததா என்பதில் ஐயம் இருந்தால் தவிர்ப்பதே மேல். வீட்டுப் பெரியவர்களின் கவலையைப் புறந்தள்ளாமல், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

வேறு யார் கவனமாக இருக்க வேண்டும்?

ரப்பர்ப் பால் ஒவ்வாமை உடையவர்களுக்குப் பப்பாளி, வாழை, அவகாடோ, கிவி ஆகியவையும் ஒவ்வாமல் போகலாம். உதடு தடித்தல், வாய் அரிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களும், சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் அளவைக் கேட்டறிந்து உண்ணட்டும். குழந்தைகளுக்கு ஆறு மாதம் நிறைந்த பின், நன்கு கனிந்த சதையை மசித்து ஒரு சிறு கரண்டி அளவில் தொடங்கலாம்.

குழைந்துபோகும் அளவுக்குப் பழுத்துவிட்டது. வீணாக்காமல் என்ன செய்யலாம்?

புளித்த வாடையோ பூஞ்சணமோ இல்லையென்றால் அது இன்னும் நல்ல பழமே. சதையை மசித்துச் சப்பாத்தி மாவில் சேர்த்துப் பிசையலாம். நெய்யில் வதக்கி, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துச் சுருள வரும்வரை கிளறினால் அல்வா ஆகும். ஜாம் செய்வதானால் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. புளிப்பில்லாமல் ஜாம் உறையாது, நெடுநாள் கெடாமலும் இருக்காது. துண்டங்களாக உறைய வைத்தும் சேமிக்கலாம். உருகியபின் அவை தளர்ந்துவிடும் என்பதால் சாறுக்கும் ஸ்மூத்திக்கும் மட்டுமே பயன்படும்.

விதையையும் இலையையும் உண்ணலாமா?

விதை காரமாக இருக்கும். ஓரிரண்டு தவறி விழுங்கினால் தீங்கில்லை. ஆனால் மருந்தென்று எண்ணித் தேக்கரண்டிக் கணக்கில் நாள்தோறும் தின்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் அது ஆண் கருவளத்தைக் குறைத்ததாகக் காணப்பட்டுள்ளது. காய்ந்த பப்பாளி விதை மிளகைப்போலத் தோன்றுவதால் மிளகில் கலப்படம் செய்யப்படுவதும் உண்டு. ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். இலைச்சாற்றை டெங்குக் காய்ச்சலுக்குப் பலர் அருந்துகிறார்கள். அது பழத்தைப்போன்ற உணவன்று. டெங்கு ஐயம் இருந்தால் இலைச்சாற்றை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாமல், முதலில் மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.